தோ தோ என்று கூப்பிடக் கூடாது

எங்கள் நாய்க்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சென்னையில் இது பெரிய அதிசயமில்லை. யார் வீட்டில் நாய் வளர்ந்தாலும் அதற்கு மட்டும் ஆங்கிலம்தான். காய்க்காரரிடம் கத்தரிக்காய்க்குத் தமிழில் பேரம் பேசிவிட்டுத் திரும்பி, கயிற்றின் மறுமுனையில் நிற்கும் நாயிடம் ‘டோன்ட் புல்’ என்பார்கள். வேறு ஆங்கிலமே தெரியாத வீட்டிலும் நாய் ‘சிட்’ என்றால்தான் உட்காரும். எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த அன்றே நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எனக்கு அதில் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது.

நான் அடையாற்றங்கரையில் ஒரு குடிசையில் பிறந்தவள். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் எனக்கு முன்னால் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் யாரும் இல்லை. கூட்டிப் பெருக்கப் போனவர்கள் உண்டு. பிறகு கரையோர வீடுகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து பி.காம். முடித்தேன். இப்போது தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. அப்பா இல்லை. நானும் அம்மாவும் ஆதம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறோம், வாடகை என் சம்பளத்திலிருந்து. இதை எழுதும்போதுகூட முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. அப்படிப்பட்டவள் வீட்டு நாயும் படித்த நாயாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவனைக் கொண்டுவந்தது அம்மா. மேற்கு மாம்பலத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை அம்மாவுக்கு. விடியற்காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். ஒரு மழைநாளில் கட்டைப்பையில் கீரைத்தண்டுகளுக்கு நடுவே ஒரு செம்பட்டைக் குட்டியை வைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

“ஸ்டேசன் படிக்கட்டாண்ட நனைஞ்சிக்கினு கீதுடி. உட்டுட்டு வர மனசு வரல” என்றார்.

நான் அவனுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தேன். அது அம்மா வாயில் நுழையவில்லை. அம்மாவுக்கு அவன் நைனா. நாளடைவில் எனக்கும் அதுவே பழகிவிட்டது. பெயரில் தோற்றாலும் மற்றதில் விடவில்லை. ‘சிட்’, ‘ஸ்டே’, ‘கம்’, ‘லீவ் இட்’ எல்லாவற்றையும் வீடியோ பார்த்துப் பழக்கினேன். அவனும் ஒரு வயதுக்குள் கற்றுக்கொண்டான்.

தடுப்பூசி போட அடையாறில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனபோதுதான் மாமியைப் பார்த்தேன். மயிலாப்பூர்க்காரர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தயிர்சாதம் மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த, பீப்பாய் போன்ற ஒரு லாப்ரடாரோடு வந்திருந்தார். காத்திருந்தவர்களில் ஒரு சின்னப் பெண், தன் பூனைக்கு ஊசி போடப் போகிறார்கள் என்று விசும்பிக்கொண்டிருந்தாள். எங்கள் நைனா எழுந்து போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். சற்று நேரத்தில் அவள் தன் செருப்புக் காலை அவன் முதுகில் வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்திவிட்டாள்.

“யார்டி இவன், இத்தனை சமத்தா இருக்கான்? எங்கேர்ந்து வாங்கினே?” என்றார் மாமி.

“வாங்கலை மேடம். கிடைச்சான்.”

“மேடம்னு கூப்டாதே, காலேஜ் ஞாபகம் வரது. மாமின்னு கூப்டு.”

அன்று மாமி சொல்லித்தான் எனக்கு அந்த வேலையைப் பற்றித் தெரியும். சாந்தமான நாய்களைப் பழக்கி, முதியோர் இல்லங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி தரும் இடங்களுக்கும் அழைத்துப் போகிறார்கள். நாய் எதையும் குணப்படுத்துவதில்லை. பக்கத்தில் இருக்கும், தொட இடம் கொடுக்கும். பயிற்சிக்கு முகம் சுளிப்பவர்கள் நாயைத் தடவிக் கொடுக்கவாவது கையைத் தூக்குவார்கள். மாமியின் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் சனி, ஞாயிறுகளில் போகிறவர்கள். தெருவில் கிடைத்த நாய் அதுவரை அந்தக் குழுவில் கிடையாது.

எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. முதல் ஆளாகப் போவது என்றால் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

குழுவில் சேர ஒரு தேர்வு உண்டு. அதற்கான பயிற்சி ஆரம்பமானதும் வீட்டில் சட்டங்கள் போட்டேன். கட்டளை எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும். மேலே தாவக் கூடாது, முகத்தை நக்கக் கூடாது. சோறும் வேகவைத்த கோழியும் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, முக்கியமாகக் கருவாடு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அவனை ‘தோ தோ’ என்று கூப்பிடக் கூடாது.

“ஏன்? அதுக்கு இன்னா கேடு?” என்றார் அம்மா.

“அது தெருநாயைக் கூப்பிடுற மாதிரிம்மா. யார் ‘தோ தோ’ன்னாலும் வாலை ஆட்டிக்கிட்டு ஓடினா தேர்வுல தோத்துடுவான்.”

“அப்போ இது இன்னா, அமெரிக்காவுல பொறந்துதா? மாம்பலம் ஸ்டேசனாண்ட பொறுக்கினு வந்தது நானு.”

“அம்மா.”

“சரிம்மா, சரி. கம்மு. போதுமா? நைனா, கம்மு!”

நைனா எழுந்து அம்மாவிடம் போனான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மந்தைவெளியில் ஒரு பள்ளி மைதானத்தில் தேர்வு நடந்தது. பின்னால் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். குடையை முகத்துக்கு நேரே விரித்தார்கள். சக்கர நாற்காலியை மோதுவது போல ஓட்டி வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். கடைசியில் கடினமான சோதனை. குழுவினர் நான்கு மூலையில் நின்று அவன் பெயரைச் சொல்லி ‘கம், கம்’ என்றார்கள், விசிலடித்தார்கள், பிஸ்கெட்டை நீட்டினார்கள். யார் கூப்பிட்டாலும் அழைத்து வந்தவரின் உத்தரவு இல்லாமல் நாய் நகரக் கூடாது. நோயாளிகள் நடுவில் கண்டபடி ஓடினால் ஆபத்து. நைனா அசையவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மண்ணில் நட்ட கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் ஒரு விரலை லேசாக மடக்கிக் காட்டியதும்தான் எழுந்தான்.

மாமி அவன் கழுத்தில் நீலத் துணியைக் கட்டிவிட்டார். அந்தத் துணி கட்டியிருந்தால் வேலை, அவிழ்த்தால் விளையாட்டு. அதை அம்மா சோப்புப் போட்டுத் துவைத்து, என் ஆபீஸ் சுடிதாருக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போட்டிருந்ததைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

போக வர ஆட்டோதான். பாதிப் பேர் நாயைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். “சீட்டு நாறிப்பூடும்மா” என்பார்கள். என்னைவிட இவன் அதிகம் குளிக்கிறான் என்று நான் வாதாடுவேன். ஒத்துக்கொள்ளும் ஆட்டோக்காரர் கிடைத்துவிட்டால் நைனா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஏதோ அவன்தான் வாடகை கொடுக்கப் போவது போல வெளியே பார்த்துக்கொண்டு வருவான். ஆரம்பத்தில் மயிலாப்பூரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். அங்கே ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், எங்களைப் பார்த்தாலே நைனாவிடம் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார். அவன் பதில் சொல்லவில்லை என்றால் என்னை முறைப்பார்.

அதற்குப் பிறகுதான் அடையாறில், பக்கவாதம் வந்தவர்களுக்கான பயிற்சி மையம். அங்கேதான் அந்த ஷேர் ஆட்டோக்காரரைப் பார்த்தோம்.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வலது கை மடிந்து மார்போடு ஒட்டியிருந்தது. ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு மட்டும் இல்லை. நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரியும், கண்ணிலேயே தெரியும். வாயைத்தான் திறக்க மாட்டார். பக்கத்தில் அவர் மனைவி எப்போதும் உட்கார்ந்திருப்பார். அவர் இருவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

“இவரு கூவுனா மந்தவெளில நின்னாலும் லஸ்ல கேக்கும் பாப்பா. ‘அடையாறு, திருவான்மியூர்’னு இவரு ஒரு தபா சொன்னா வண்டி ரொம்பிடும். மத்த டிரைவருங்கல்லாம் ‘யோவ், கொஞ்சம் எங்களுக்கும் உட்டு வையி’ம்பாங்க. இப்ப பாரு, கம்முனு குந்திக்கினு கீறாரு.”

பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளைஞர். என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். தொண்டையில் கோளாறு இல்லை, முயன்றால் சத்தம் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன புதிதில் முயன்றிருக்கிறார். தண்ணீர் கேட்க வாயெடுத்தவருக்கு வேறேதோ சத்தம் வந்திருக்கிறது. பார்க்க வந்திருந்த மச்சான், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், சிரித்துவிட்டார். அன்றோடு வாயை மூடியவர்தான்.

“நாள் ஆக ஆக கஷ்டங்க. முயற்சியே பண்ணாதவருக்கு நான் இடத்தைப் பிடிச்சு வச்சிருக்க முடியாது. வெளிய நிறையப் பேர் காத்திருக்காங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்” என்றார் அவர்.

ஒரு சொல். யாரும் சிரிக்காத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் சனிக்கிழமை நைனா அவர் கால் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் இடது கை மெல்ல இறங்கி அவன் காதுக்குப் பின்னால் சொறிந்தது. நாய்க்கு எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்று தெரிந்த கை அது.

“ஸ்டாண்டுல நாயிங்களுக்குப் பொறை பிஸ்கெட்டு வாங்கிப் போடாம இவரு டீ குடிக்க மாட்டாரு. இவரு வண்டி வந்து நின்னா அதுங்க அல்லாம் வந்து நின்னுக்கும்” என்றார் மனைவி.

பயிற்சியாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்ப இவனைக் கூப்பிடுறதையே பயிற்சியா வச்சுக்கலாம். எப்படிக் கூப்பிடணும்?”

“‘கம்’னு சொன்னா வருவான் சார். இவனுக்கு எல்லாமே இங்கிலீஷ்தான்” என்றேன். என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

“நல்ல சொல். சின்னது. கடைசியில உதட்டை மூடினா போதும்.”

நான் நைனாவை அறையின் வாசல் பக்கம் அழைத்துப் போய் உட்கார வைத்தேன். அவர் எங்களைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நடுங்கியது. ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் முன்னேற்றம். “க்” என்று ஓர் ஒலி, பூட்டில் சாவி மாட்டிக்கொண்டது போல. எனக்குப் பொறுக்கவில்லை. இதற்காவது பலன் கிடைக்கட்டும் என்று, தொடையோடு ஒட்டியிருந்த என் கையில் ஒரு விரலை மடக்கினேன். நைனா எழுந்து நேராக அவரிடம் போய் முழங்காலில் தலையை வைத்தான். பயிற்சியாளர் கைதட்டினார்.

அவர் நாயைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கி, ஒரு விரலை மடக்கிக் காட்டினார், நான் செய்த மாதிரியே. கண்ணை மூடிக்கொண்டார். அன்று முழுக்கத் திறக்கவில்லை.

“பாத்துட்டாரு பாப்பா,” என்றார் மனைவி மெதுவாக. “ஆட்டோக்காரரு கண்ணு. பின்னாடி நாலாவது வண்டில போலீசு வந்தாலே கண்ணாடில கண்டுபுடிச்சுடுவாரு. இது இன்னா பெருசு அவருக்கு.”

வெளியே வந்ததும், கூட வந்திருந்த மாமி என்னை நிறுத்தினார். “ஏன்டி, அவரண்ட போய் ஏமாத்தலாமா? உடம்புக்குத்தானே ஆயிருக்கு, புத்திக்கு ஒண்ணும் ஆகலையே. அவர் கூப்ட்டு அது வரணும். இல்லேன்னா வரவே வேண்டாம்.”

ஆட்டோவில் திரும்பும்போது அதே கவலை. அவர் எவ்வளவு முயன்றாலும் ‘கம்’ வரப் போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. வந்தாலும் நைனா என் விரலுக்காகக் காத்திருப்பான். விரலை ஆட்டினால் அவர் பார்த்துவிடுவார். ஆட்டாவிட்டால் நாய் கல்லாக உட்கார்ந்திருக்கும். அவர் முயன்று சத்தம் எழுப்பி, ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனால், மச்சான் சிரித்ததைவிட அது மோசம். எந்தப் பழக்கத்தைப் பார்த்து மைதானத்தில் எல்லோரும் பாராட்டினார்களோ அதுவே இப்போது குறுக்கே நின்றது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அவர் அன்று எங்களை ஏறிட்டே பார்க்கவில்லை. பயிற்சியாளர் கண்ணாடியைக் காட்டினார், உதட்டை மூடிக் காட்டினார், ‘கம்’ என்று தானே பலமுறை சொன்னார். மனைவி கெஞ்சினார், பிறகு திட்டினார். “யோவ், ஒரு தபா சொல்லித் தொலையேன். இவ்ளோ தூரம் பஸ்ல இஸ்துகினு வந்திருக்கேன்.” ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா கொட்டாவி விட்டான். நாய் கொட்டாவி விட்டால் அதற்குக் களைப்பு, உடனே முடித்துவிட வேண்டும் என்பது குழுவின் விதி. நான் மாமியைப் பார்த்தேன். மாமி தலையசைத்தார்.

“வரோம்ண்ணே” என்று அவரிடம் சொல்லிவிட்டு நைனாவை வாசல் வரை நடத்திப் போய் உட்கார வைத்தேன். நீலத் துணியை அவிழ்க்கக் குனிந்தேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“த்...”

நாற்காலி இழுபடுகிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை முன்னால் நீட்டி, ஐந்து விரலையும் குவித்து, பொறையை நொறுக்குவது போலத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது இல்லை.

“த்... தோ.”

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். 

 உலகத்தில் எத்தனையோ சத்தம் இருக்க, எங்கள் நாய்க்கு நான் விலக்கி வைத்திருந்த ஒரே சத்தம் அது. அவனுக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. தேர்விலும் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அங்கே எல்லோரும் நாயிடம் ஆங்கிலம் பேசுகிறவர்கள். அவன் அசையப் போவதில்லை. இவர் இன்னும் சில நொடி பார்ப்பார், பிறகு கையை மடியில் போட்டுக்கொள்வார், அதோடு முடிந்தது.

அவர் கண் என் கைக்குப் போனது. நான் பிடித்திருந்த கயிற்றைத் தளர்த்தி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

“தோ” என்றார் மறுபடி. இந்த முறை கொஞ்சம் தெளிவாக.

நைனாவின் காது நிமிர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை. எழுந்தான். முதலில் வாலின் நுனி ஆடியது, பிறகு வால் முழுக்க, பிறகு பின்பாதி உடம்பு மொத்தமும். இரண்டடி வைத்ததும் கயிறு இறுகியது. ஒருநாளும் இழுக்காதவன் இழுத்தான். நான் கையைத் திறந்து கயிற்றை விட்டேன். அவன் ஓடினான். வழியில் இருந்த ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு போய், குவிந்திருந்த அந்த விரல்களுக்குள் மூக்கை நுழைத்து, அங்கே தின்ன ஏதோ நிச்சயம் இருக்கிறது என்பது போலத் தேடினான்.

அவர் முகத்தின் இடது பக்கம் சிரித்தது. வலது பக்கம் அதைத் தொடர முயன்றது.

“தோ. தோ. தோ தோ தோ தோ.”

ஷேர் ஆட்டோவில் ஆள் கூவுகிறவரின் தாளம் அதில் வந்துவிட்டது. பக்கத்து அறையில் கால் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவர், சட்டென்று எடுத்துவிட்டுக் கத்தினார். “யோவ்! வருதுய்யா! சத்தம் வருதுய்யா உனுக்கு!” பிறகு கணவரின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அடித்த இடத்திலேயே முகத்தை வைத்து அழுதார்.

அவர் நாயின் தலையிலிருந்து கையை எடுக்காமல் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஐய, பாப்பா ஒண்ணும் பண்ணல,” என்றார் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கைய பின்னாடி கட்டிக்கினு பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி நின்னுக்கினு இருந்துச்சு. நா பாத்துக்கினுதான் கீறேன். நீ கூப்ட்ட, அது வந்துச்சு.”

அவர் தலையை ஆட்டினார். கணக்குத் தீர்ந்தது போல.

எனக்கு அப்போதுதான் விதி ஞாபகம் வந்தது. கழுத்தில் துணி இருக்கும்போது உத்தரவில்லாமல் ஓடிய நாயைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். கயிற்றை விட்டது அதைவிடப் பெரிய தப்பு. மாமியைப் பார்த்தேன். மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணையும் சேர்த்து.

“என்னடி ஆச்சு? நான் கண்ணாடி தொடைச்சுண்டிருந்தேன். ஒண்ணுமே தெரியலை” என்றார்.

திரும்பி வரும்போது முதலில் நின்ற ஆட்டோவே எங்களை ஏற்றிக்கொண்டது. நான் சீட்டில் சாய்ந்தபோதுதான், வெகுநேரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. தாடை வலித்தது. காற்று முகத்தில் அடித்தது. ஆற்றுப் பாலத்துக்குத் திரும்பும் சிக்னலில் வழக்கமாக நான் எங்கள் பழைய வீடு இருந்த பக்கம் பார்ப்பேன். அன்று பார்த்தபோது சும்மா சிரிப்பாக வந்தது. நைனா என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். ஆனால் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. இவனுக்கு அந்தச் சத்தம் எப்படித் தெரியும்?

வீட்டில் அம்மா நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, நான் இல்லாதப்போ இவனை எப்படிக் கூப்பிடுவ?”

“நீ சொல்லிக்குடுத்தாப்லதான். கம்மு.” கத்தரிக்கோலை நிறுத்தாமல் சொன்னார்.

“நிஜமாச் சொல்லு.”

அம்மா நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது. “இன்னாடி ஆச்சு? எதுனா பண்ட்டானா? வாணாம்னு அனுப்பிட்டாங்களா?”

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவின் கை தானாக நின்றது. அந்தப் பெண்மணி கணவரை அடித்ததைச் சொன்னபோது “அடிப்பாளே, நானா இருந்தாலும் அடிப்பேன்” என்றார். முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

“தெனம் மத்தியானம் நீ ஆபீஸ்ல இருக்க சொல்லோ, மாடிப்படில தட்டு வெச்சி ‘தோ தோ’ம்பேன். பறந்துகினு வருவான். உன் கம்முக்கு அவன் மூஞ்சியப் பாக்கணுமே, கோர்ட்டுக்குப் போறவன் மாரி வருவான். துன்றதுக்குக் கூப்ட சொல்லோ அப்டியா கூப்புடுவாங்க?”

“தட்டுல என்ன?”

அம்மா நெத்திலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அம்மா. கருவாடா?”

“கொஞ்சூண்டு. கொயம்புல போட்டது. முள்ளு எடுத்துட்டுத்தான்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் சட்டங்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மாடிப்படியில் தின்று முடிக்கப்பட்டிருந்தன. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அம்மாவின் மீன் வாசனைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால், அதாவது நான் சொன்னபடி கேட்டிருந்தால், அந்த மனிதர் இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“இன்னாடி, அடிப்பியா?” என்றார் அம்மா.

“ஒரு தடவை கூப்பிடு. பாக்கறேன்.”

அம்மா நாக்கை மேலண்ணத்தில் வைத்து “த்தோ த்தோ” என்றார். கூடத்தில் படுத்திருந்த நைனா நகம் சறுக்க ஓடி வந்தான். நான் அங்கே இருப்பதைப் பார்த்ததும் சட்டென்று நின்று, உட்கார்ந்து, முன்னங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சொன்னேன், என் வாயால் முதல் முறையாக: “தோ தோ.” அவனுக்கு நம்பிக்கை வரச் சற்று நேரம் பிடித்தது.

மையத்தில் அவருடைய இடம் தொடர்ந்தது. பயிற்சியாளர் ‘கம்’மைக் கைவிட்டு, ‘தோ’விலிருந்து மேலே போகப் பார்த்தார். நாங்களும் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தோம். இப்போது மாமியின் தேர்வில் பிஸ்கெட், விசிலோடு ‘தோ தோ’வும் சேர்ந்திருக்கிறது. புது நாய்கள் எல்லாம் அதில் ஜெயித்துவிடுகின்றன. அவற்றுக்கு அது என்னவென்றே தெரியாது. தோற்றுப் போகிற ஒரே நாய் நைனாதான். அதனால் அவனை மட்டும் அந்தச் சோதனைக்குக் கூப்பிடுவதில்லை என்று மாமியே முடிவு செய்துவிட்டார்.

ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த ஆட்டோக்காரரின் மனைவி போன் செய்தார். எடுத்ததுமே கத்தல்.

“பாப்பா! ஊட்ல என்னையும் ‘தோ தோ’ன்னுதான் கூப்ட்டுக்கினு கீறாரு! நானும் நாயி மாரி ஓடிக்கினு கீறேன், இன்னா பண்றது! இன்னிக்கி இன்னா சொன்னாரு தெரிமா? ‘தோச’ன்னாரு பாப்பா! முழுசா! இட்லி அவிச்சி எறக்கி வெச்சிட்டேன். அல்லாத்தியும் பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துட்டு, ஓடிப்போய் கடைல மாவு வாங்கினு வந்து தோச ஊத்தறேன்!”

பின்னால் கல்லில் மாவு சுர்ரென்று இழுபடுகிற சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் ஓர் ஆண் குரல், பொறுமை இல்லாமல், அதே சொல்லை மறுபடி சொன்னது.

போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கேட்டுவிட்டு நைனாவின் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. மாமியிடமும் கருவாடு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.